மெஷின் மேல் பழி போடாதீர்கள்: வீட்டுத் தையல், ஆரி வேலை கேள்வி பதில்

கேள்விகளைக் கொட்டித் தீர்த்துவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்ததைச் சேர்த்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். ஆரி என்பது ஃபிரேமில் இழுத்துக் கட்டிய துணியில், கொக்கி ஊசியால் சங்கிலித் தையலும் மணியும் வைத்துச் செய்யும் பூவேலை. நான் கடை வைத்தவள் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் தைத்துத் தைத்துப் பழகியவள்.

கேள்வி: ஆசையாக ஜாக்கெட் தைத்தேன் அக்கா. ஒரு துவைப்பிலேயே லைனிங் சுருங்கி, மேல் துணி உப்பிக்கொண்டு நிற்கிறது. துணி மட்டமா?

துணி பாவம். லைனிங்கை நனைக்காமல் வெட்டியிருப்பீர்கள். காட்டன் லைனிங் முதல் தண்ணீரில் சுருங்கத்தான் செய்யும். ராத்திரி பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தோடு இஸ்திரி போட்டு அப்புறம் வெட்டுங்கள். பட்டு ஜாக்கெட் பிட்டை நனைக்க வேண்டாம். தைத்து முடித்ததற்கு ஒரே வழி, கீழ்ப் பட்டியைப் பிரித்து மிச்சமாகத் தொங்கும் மேல் துணியை உள்ளே தள்ளித் தைப்பதுதான். ஓரளவுக்குச் சரியாகும், முழுசாக ஆகாது.

கேள்வி: மேலே தையல் அழகாக விழுகிறது, அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறது. அடிநூல் இருக்கும் பாபின் கேஸ் இரண்டு தடவை மாற்றிவிட்டேன்.

அடியில் சிக்கினால் எல்லோரும் அடியைத்தான் சந்தேகப்படுகிறோம். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை கோளாறு மேல்நூலில் இருக்கும். நூலை இறுக்கிப் பிடிக்க இரண்டு வட்டத் தகடு இருக்கிறதே, நூல் அதன் நடுவில் போய் உட்காராமல் மேலோடு போனால் தளர்ந்துபோய் அடியில் வளையம் வளையமாகச் சேரும். நூல் கோக்கும்போது அழுத்தி, அதாவது ப்ரஷர் ஃபுட், தூக்கியே இருக்க வேண்டும். அப்போதுதான் தகடு விலகி நூலை உள்ளே விடும். கோத்தபின் அழுத்தியை இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள். கை கொஞ்சம் சிரமப்பட்டால் சரி.

அதிலும் தீராவிட்டால் ஊசியைப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் நீளமாக ஒரு பள்ளம் இருக்கும். பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்துதான் நூல் கோக்க வேண்டும். ஊசி திரும்பியிருந்தால் எந்த மெக்கானிக் வந்தும் பிரயோஜனமில்லை. ஊசி நம்பர் பட்டுக்கு 11, சாதாரண காட்டனுக்கு 14, ஜீன்ஸுக்கு 16.

கேள்வி: கையைத் தூக்கினால் ஜாக்கெட்டே மேலே ஏறுகிறது. அக்குள் வளைவை இன்னும் ஆழமாக வெட்டட்டுமா?

வெட்டாதீர்கள்! இதில் நானே பல ஜாக்கெட்டைப் பாழாக்கியிருக்கிறேன். இறுக்கமாக இருக்கிறதே என்று ஒவ்வொரு தடவையும் கால் அங்குலம் கூட வெட்டுவேன், அடுத்தது இன்னும் மோசமாக ஏறும். வளைவு கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது உடம்புப் பகுதியையும் சேர்த்தே இழுக்கும். வளைவு அக்குளை ஒட்டி இருந்தால்தான் கை தனியாக அசையும். கை துணி மேற்புறம் போதிய அகலம் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் குறை அங்கேதான்.

முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் உள்வாங்கி இருக்க வேண்டும். கை துணியிலும் அப்படியே. வெட்டிய கையோடு இரண்டு கைக்கும் முன்பக்கத்தில் சாக்பீஸால் குறி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் இரண்டையும் இடது கையாகவே தைத்து வைப்பீர்கள். பழைய வேட்டியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு நல்ல துணியில் கத்தரி வையுங்கள்.

கேள்வி: ஆரி வேலை வகுப்புக்குப் போகிறேன். ஊசி துணியை இழுக்கிறது, நூல் மேலே வர மாட்டேன் என்கிறது. எனக்குக் கை வராதா?

வரும். முதலில் ஃபிரேமில் துணியைத் தட்டிப் பாருங்கள், தவில் மாதிரி 'டம்'மென்று வர வேண்டும். தொய்ந்த துணியில் யாருக்கும் வராது.

அடுத்தது ஊசி. பிடியில் ஊசியை இறுக்கும் சின்ன திருகாணி இருக்கிறது இல்லையா, ஊசி முனையின் கொக்கியும் அந்தத் திருகாணியும் ஒரே பக்கம் பார்க்கும்படி மாட்டுங்கள். துணிக்கு அடியில் கொக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைத் திருகாணியைப் பார்த்தே சொல்லிவிடலாம். குத்துங்கள், அடியில் இடது கை நூலைக் கொக்கியில் சுற்றட்டும், ஊசியை அரைச்சுற்றுத் திருப்பி, கொக்கியின் முதுகு துணியைத் தள்ளிக்கொண்டு வரும்படி மேலே எடுங்கள். திருப்பாமல் எடுத்தால் கொக்கி துணி இழையைப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு நடப்பது இதுதான்.

வரி முடியும் இடத்தில் முடிச்சுப் போட மறக்காதீர்கள். சங்கிலித் தையல் கடைசி வளையம் நழுவினால் மொத்த வரியும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். குஜராத்தில் கட்ச் பக்கம் தோல் வேலை செய்யும் மோச்சி சமூகத்தார் கையில் வளர்ந்த வேலை இது. செருப்புத் தைக்கும் கொக்கி ஊசியும் இதுவும் பங்காளிகள்.

கேள்வி: ஜாக்கெட் தைத்துவிட்டு ஆரி போடலாமா?

கூடாது. முழுத் துணியில் ஜாக்கெட் அளவை வரைந்துகொண்டு, ஓடு தையலில் எல்லை போட்டு, வேலை முடிந்தபின்தான் வெட்ட வேண்டும். டிசைனை பட்டர் பேப்பரில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பவுடரைத் தேய்த்தால் துணியில் புள்ளி புள்ளியாக இறங்கும். பக்கத்தில் அடுப்பு, விளக்கு வேண்டாம்.

தையல் ஓடும் இடத்திலிருந்து அரை அங்குலம் விட்டே மணி வையுங்கள். தப்பி ஒன்று உள்ளே வந்தால் குறட்டால் நொறுக்கிவிட்டு மெஷினில் ஓட்டுங்கள், இல்லையேல் ஊசி முறியும். மணியை ஒட்டித் தைக்க ஜிப் வைக்கும் ஒற்றைக்கால் அழுத்தி வாங்கிக்கொள்ளுங்கள். அக்குளில் மணியே வேண்டாம். என் தங்கை வளைகாப்புக்குக் கை முழுக்கச் சுற்றி கட் பீட்ஸ் மணி வைத்துக் கொடுத்தேன், சாயங்காலம் கை உள்பக்கமெல்லாம் சிராய்ப்பு. அவள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

கேள்வி: சேலையின் கீழ் ஓரத்தில் உள்பக்கம் வைக்கும் ஃபால்ஸ் பட்டியை நாமே தைக்கலாமா?

தாராளமாக. அதையும் நனைத்து உலர்த்தி, சேலைக்கு ஏற்ற நிறத்தில் ஒற்றை நூலில் கைத்தையல்.

கேள்வி: அம்மாவின் பழைய பட்டுச் சேலையில் பெண்ணுக்குப் பாவாடை தைக்க ஆசை. வெட்டப் பயமாக இருக்கிறது.

பயம் நல்லதுதான். சேலையைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். வருடக்கணக்காக மடித்த மடிப்பில் பட்டு இற்று, வெளிச்சம் கோடாகத் தெரியும். அந்த இடத்தை ஒதுக்குங்கள். கரை கீழே வர, சேலையின் அகலத்தைப் பாவாடையின் உயரமாக எடுங்கள். உள்ளே காட்டன் லைனிங் கட்டாயம், பாரத்தை அது தாங்கும்.

வளரும் பிள்ளை என்பதால் நாலு அங்குலமாவது கூடுதல் உயரம் விட்டு, இடுப்புக்குச் சற்றுக் கீழே உள்மடிப்பாகப் பிடியுங்கள், நீளத் தையலில். வருடா வருடம் பிரித்துவிடலாம். பட்டில் ஊசித் துளை மறையாது, ஆனால் அந்த இடத்தைச் சட்டை மூடிக்கொள்ளும்.

கேள்வி: கல்யாணத்தில் போட்ட ஆரி ஜாக்கெட்டை எப்படித் துவைப்பது?

முதலில் காற்றாட விடுங்கள், உள்பக்கம் வெளியே வரும்படி, நிழலில். வியர்வைப் பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். இஸ்திரி போட வேண்டுமென்றால் தடித்த டவல் மேல் கவிழ்த்துப் போட்டு, மிதமான சூட்டில். சமிக்கி பிளாஸ்டிக், சூடு கூடினால் சுருண்டுவிடும். சென்ட் நேராக அடித்தால் ஜரிகை கறுக்கும்.

கேள்வி: ஃபிரேம், டிசைன் பேப்பர் எதுவும் இல்லாமல் பூவேலை செய்ய முடியுமா?

நீலகிரியில் தோடர் பெண்கள் செய்கிறார்களே! வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, வரையாமல், துணியின் இழையை எண்ணி எண்ணியே போடுவார்கள். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கு அந்தக் கை வராது, ஆனால் எண்ணிப் போடும் பழக்கத்துக்கு, இழை தெளிவாகக் கட்டம் கட்டமாகத் தெரியும் மேட்டி துணி இருக்கிறது. ஒரு தலையணை உறை ஓரத்தில் ஆரம்பியுங்கள். சட்டைக்கு அப்புறம் வரலாம்.