சென்னையில் இருந்துகொண்டு இன்றைய ஓவியர்களையும் சிற்பிகளையும் எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஈஞ்சம்பாக்கம் போங்கள். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் அங்கேதான் இருக்கிறது. எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களைப் பக்கவாட்டிலும் நின்று பாருங்கள். தகட்டை வெட்டிப் பற்றவைத்து, முன்பக்கத்தையே பிரதானமாக்கிய விதம் அப்போதுதான் பிடிபடும். போனில் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

அடுத்து, கிரீம்ஸ் சாலையில் இருக்கும் மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாதமி. கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். படைப்பைப் படமெடுத்தால், பெயர், ஊடகம், ஆண்டு போட்ட அட்டையையும் சேர்த்து எடுங்கள். அதை விட்டுவிட்டுப் பிறகு யாருடையது என்று தெரியாமல் தவிப்பவர்கள்தான் அதிகம்.

பெயர் கிடைத்ததும், இன்ஸ்டாகிராமில் அவர் யாரைப் பின்தொடர்கிறார் என்று பாருங்கள். அல்காரிதத்தைவிட நல்ல வழிகாட்டி அது. பெயரில்லாமல் சுற்றும் படமென்றால் கூகுள் லென்ஸில் போட்டு மூலத்தைத் தேடலாம். பத்திரிகைக் கோட்டோவியம் பிடிக்குமென்றால் ஓவியர் டிராட்ஸ்கி மருதுவிடமிருந்து தொடங்குங்கள்.