ஏழு மணிக் குழுவும் ராத்திரிக் கச்சேரியும்

கேள்வி: நாங்கள் டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். நானும் கணவரும் ஐ.டி. வேலை. ஒரே மகன். ஆறாம் வகுப்பில் பள்ளி பேண்டுக்காக சாக்ஸபோன் எடுத்தான், அதுவே அவனைப் பிடித்துக்கொண்டது. இப்போது டென்டனில் நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜாஸ், இரண்டாம் ஆண்டு. அங்கே தேர்வு வைத்து மாணவர்களை ஒரு மணிக் குழு, இரண்டு மணிக் குழு என்று பிரிக்கிறார்கள். இவனுக்குக் கிடைத்தது ஏழு மணிக் குழு. அன்றிலிருந்து முகமே சரியில்லை. வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி ஊருக்குள் ஒரு பாரில் போய் வாசிக்கிறான். சம்பளம் கிடையாது. ஒரு கண்ணாடி ஜாடி வைத்திருப்பார்களாம், கேட்பவர்கள் போட்டால் உண்டு. காலை தியரி வகுப்பைத் தவறவிட்டு மதிப்பெண்ணும் போயிற்று. "ஃபீஸ் கட்டிப் படிக்க வைப்பது பாரில் ஓசியில் வாசிக்கவா? கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறச் சொல்" என்கிறார் கணவர். "வகுப்பைவிட அங்கேதான்மா கத்துக்கிறேன்" என்கிறான் மகன். யார் சொல்வது சரி, ஐயா?

– பெயர் வெளியிட விரும்பாத அம்மா, ஃபிரிஸ்கோ

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொல்வதில் முக்கால் பங்கு சரி. மீதிக் கால் பங்குக்கு அவன் காதைத் திருக வேண்டும். உங்கள் கணவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொல்லும் தீர்வில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் அந்த ஏழு மணிக் குழுவை எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் அது 'ஏழாம் ரேங்க்' என்பதுபோல் ஒலித்திருக்கும். அது நம் ஊர்க் காது. அந்தக் குழுக்களுக்குப் பெயர் வந்தது ஒத்திகை நேரத்தை வைத்து. மதியம் ஒரு மணிக்கு ஒத்திகை பார்த்தது ஒரு மணிக் குழு. அதுதான் முதன்மைக் குழு என்பதும், உலகம் முழுக்க ஜாஸ் படிப்பவர்களுக்குத் தெரிந்த பெயர் என்பதும் உண்மைதான். 1970களிலேயே அதன் இசைத்தட்டு கிராமி விருதுக்கான பரிந்துரை வரைக்கும் போனது. அமெரிக்காவில் ஜாஸுக்கு முதன்முதலில் பட்டப்படிப்பு தொடங்கியதே அந்தக் கல்லூரியில்தான், 1947இல். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் தங்கள் ஊரில் முதல் ஆளாக இருந்த பிள்ளைகள் அங்கே வந்து சேர்கிறார்கள். சாக்ஸபோன்காரர்களே எத்தனை பேர் இருப்பார்கள், ஒரு குழுவுக்கு வேண்டியதோ ஐந்து பேர். இரண்டாம் ஆண்டில் ஏழு மணிக் குழுவில் உட்காருவது தோல்வியில் சேராது. வரிசையில் நிற்கிறான், அவ்வளவுதான்.

மைக்கேல் லீக் என்று ஒரு பேஸ் கிட்டார்காரர் இதே கல்லூரியில் படித்தார். கல்லூரிக் குழுக்களில் இடம் பிடிக்கிற அளவுக்குத் தான் வாசிக்கவில்லை, அதனால்தான் நண்பர்களைச் சேர்த்துச் சொந்தக் குழு தொடங்கினேன் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2004இல் டென்டனில் தொடங்கிய அந்தக் குழுதான் ஸ்னார்க்கி பப்பி. இதுவரை ஐந்து கிராமி வாங்கியிருக்கிறது. உங்கள் மகனுக்கு இந்தக் கதை மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான்.

ஆனால் அந்தக் கதையில் மாணவர்கள் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பேர் கூடி வாசித்ததால் மட்டும் அந்தக் குழு அந்த உயரத்துக்குப் போகவில்லை. லீக் டாலஸுக்குப் போய், கறுப்பினத்தவரின் தேவாலயங்களில் காஸ்பல் என்ற பக்தி இசை வாசிக்கிறவர்களோடு உட்கார்ந்தார். பெர்னார்ட் ரைட் என்ற மூத்த கீபோர்டு கலைஞரை ஆசானாகப் பிடித்தார். டென்டன் வகுப்பறையில் படித்த வாசிப்புக்கு டாலஸ் தேவாலயத்தில்தான் தாளக்கட்டு ஏறியது. 2022இல் டாலஸின் டீப் எல்லம் பகுதியில் ரசிகர்களை உட்காரவைத்து ஒரு தொகுப்பைப் பதிவுசெய்தபோது அந்த ஆசானையும் கூட வைத்துக்கொண்டார்கள். சில வாரங்களில் அவர் இறந்துபோனார்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1947இல் அந்தப் பட்டப்படிப்பைத் தொடங்கியபோது 'ஜாஸ்' என்று பெயர் வைக்கக் கூச்சப்பட்டு 'டான்ஸ் பேண்ட்' என்று வைத்தார்கள். அதைவிடப் பெரிய வெட்கம், அந்த இசையைப் பெற்று வளர்த்த கறுப்பினத்துப் பிள்ளைகளுக்கு அப்போது அந்தக் கல்லூரியில் இடமே இல்லை. இளநிலைப் படிப்பில் அவர்களைச் சேர்த்தது 1956இல்தான். டென்டனில் இன்று கலை விழா நடக்கிற குவேக்கர்டவுன் பூங்காகூட, 1920களில் ஒரு கறுப்பினக் குடியிருப்பைக் காலிசெய்துவிட்டுப் போட்ட பூங்கா. ஆக, ஜாஸ் கல்லூரிக்குள் நுழைந்தபோது அதன் வாத்தியார்கள் வெளியே நின்றார்கள். பாரிலும் தேவாலயத்திலும் நடந்த பாடம் வகுப்பைவிட வயதில் மூத்தது. இன்று நிலைமை மாறிவிட்டது, கல்லூரியிலும் நல்ல ஆசான்கள் இருக்கிறார்கள். என்றாலும் அந்த மூத்த பாடத்தைத் தேடி ஒரு பையன் ராத்திரி கிளம்பினால், அவன் ஊர் சுற்றப் போகிறான் என்று உடனே தீர்மானித்துவிடாதீர்கள்.

நமக்கும் இது புது வழக்கல்ல. சென்னையில் 1949இல் அரசு கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கி, முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வரானார். குருவின் வீட்டில் வருஷக்கணக்கில் கிடந்து கற்க வேண்டியதை மணி அடித்து வகுப்பு வைத்துச் சொல்லித்தர முடியுமா என்று அன்றிலிருந்து இன்று வரை பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். என்னைக் கேட்டால் சொல்லித்தர முடியும். ஸ்வரம், தாளம், இலக்கணம், நொட்டேஷன் எல்லாவற்றையும் கல்லூரி கொடுத்துவிடும். மேடையில் பக்கத்து ஆள் என்ன செய்யப்போகிறார் என்று அரை நொடி முன்னால் தெரிந்துகொள்கிற காதை மட்டும் கொடுக்காது.

பத்து வருஷம் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வீட்டில் ஐம்பது தடவை சரியாக வந்த இடம், கல்யாண மண்டபத்தில் பாடகர் திடீரென்று அரைக் கட்டை இறக்கிப் பிடித்ததும் கை விட்டுப் போய்விடும். அந்த ஒரு ராத்திரியில் கற்றதை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித்தந்திருக்க முடியாது. (அன்றைக்குச் சாப்பாடு மட்டும் போட்டு, பணம் தராமல் அனுப்பினார்கள். அந்த விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.)

ஜாஸில் இது இன்னும் தீவிரம். ஜாம் செஷன் என்றால் என்ன நடக்கும் தெரியுமா? முன்பின் தெரியாத நான்கைந்து பேர் மேடை ஏறுவார்கள். ஒருவர் பாட்டின் பெயரையும் சுருதியையும் சொல்வார், இன்னொருவர் 'ஒன், டூ' என்று தாளத்தைத் தொடங்குவார். முப்பத்திரண்டு பார் (நம் ஆவர்த்தனம் போல ஒரு தாள அளவு) கொண்ட மெட்டை எல்லோரும் ஒரு சுற்று வாசிப்பார்கள். பிறகு அதே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகள்) சுற்றிச் சுற்றி வர, அதன்மேல் ஆளுக்கொரு கற்பனை. கடைசியில் டிரம்ஸோடு நாலு பார் நான், நாலு பார் நீ என்று மாறி மாறிப் பேசுவார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைப்பு வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு அந்தச் சுவை தெரியும். இதில் முக்கியமானது எப்போது நிறுத்துவது என்பது. எட்டுச் சுற்று வாசித்துத் தன் வித்தை எல்லாவற்றையும் கொட்டுகிற பையனை, வரிசையில் காத்திருக்கிற மற்ற வாத்தியக்காரர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். வகுப்பில் அவனுக்கு 'ஏ' விழும். அங்கே அடுத்த வாரம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரே பதின்வயதில் கன்சாஸ் சிட்டியில் ஒரு ஜாம் செஷனில் தடம் மாறி வாசிக்க, டிரம்மர் ஜோ ஜோன்ஸ் சிம்பலைக் கழற்றித் தரையில் எறிந்து அவரை மேடையிலிருந்து இறக்கிய கதை பிரபலம். அவமானத்தோடு போன பார்க்கர் என்ன செய்தார்? கோடை முழுக்க ஓஸார்க் மலைப்பக்கம் ஒரு வேலைக்குப் போன இடத்தில் உட்கார்ந்து, பதிவுகளைக் கேட்டுக் கேட்டு சாதகம் செய்தார். மேடை என்ன வராது என்பதைக் காட்டிவிடும். அதை வரவழைக்க மறுபடி அறைக்குள்தான் போக வேண்டும்.

இதைத்தான் உங்கள் மகனிடம் சொல்ல வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு வந்து படுத்துக் காலைத் தியரியை விடுகிறவன், மேடையில் கிடைத்த கேள்விக்குப் பதில் சொல்லித்தரும் ஒரே இடத்தைத் தானே மூடிக்கொள்கிறான். கார்டு எப்படிக் கட்டப்படுகிறது, எந்தச் சுரம் எதை நோக்கி இழுக்கிறது என்பதெல்லாம் அந்த வகுப்பில்தான் இருக்கிறது. பிழைப்புக்கும் அதுதான் கைகொடுக்கும். வாரத்துக்கு ஒரு ராத்திரி போதும். மூன்று வேண்டாம். அந்த ஒன்றும் மறுநாள் காலை வகுப்பு இல்லாத ராத்திரியாக இருக்கட்டும். வகுப்பைத் தவறவிடுகிறவனைப் பெரிய கலைஞன் என்று நினைத்துக்கொள்கிற பழக்கம் இசை மாணவர்களிடம் உண்டு. பாடகி நோரா ஜோன்ஸ் இதே கல்லூரியில் இரண்டு வருஷம் ஜாஸ் பியானோ படித்துவிட்டு, பாதியில் நியூயார்க் போய்ப் புகழ் பெற்றாரே என்பான். ரவிசங்கரின் மகள் என்பதால் நம் வீடுகளில் அந்தப் பெயர் சீக்கிரம் எடுபடும். ஒருவர் ஏணியை நடுவில் விட்டுவிட்டு ஏறினார் என்பதற்காக எல்லோரும் விட முடியாது.

இப்போது உங்கள் கணவரின் 'ஓசி'. இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி. ஜாம் செஷனில் இனாமாக வாசிக்கலாம், அது பாடம். ஆனால் ஒரு பார் முதலாளி கூட்டம் சேர்ப்பதற்காக இரண்டு மணி நேரம் வாசிக்கச் சொல்லிவிட்டு ஜாடியைக் காட்டினால், அது பாடம் ஆகாது. கல்லூரி ஊர்களில் இதுதான் பெரிய வயிற்றெரிச்சல். மாணவர்கள் சும்மா வாசிக்க வரிசையில் நிற்பதால், அதே ஊரில் வாசித்தே குடும்பம் நடத்துகிறவருக்குக் கூலி ஏறுவதில்லை. நாளைக்கு உங்கள் மகனே அந்த இடத்தில் நிற்பான். சம்பளம் எவ்வளவு என்று கேட்கச் சொல்லுங்கள். கொஞ்சமாக இருந்தாலும் பேசி வாங்கட்டும். சாப்பாட்டோடு அனுப்பிய அந்த மண்டபத்தில் நான் கேட்காமல் வந்தது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

பார் என்பதால் வரும் பயம் தனி. அவனுக்கு இருபத்தொன்று ஆகவில்லை என்றால் டெக்சாஸில் அவனுக்கு மது கொடுக்கக் கூடாது. வாசலிலேயே புறங்கையில் கறுப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டு அனுப்புகிற இடங்கள் நிறைய. மறுநாள் கையைப் பாருங்கள், குறி அழிந்திருக்காது.

கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறுவது பற்றி. ஆண்டு நடுவில், மனம் உடைந்த நேரத்தில் மாற்றாதீர்கள். அவனாகக் கேட்டால் பார்க்கலாம். நம் பிள்ளைகளில் ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயர் யேலில் கணிதமும் இயற்பியலும் படித்தவர். ஜாஸில் பட்டம் வாங்காமலே, ஓக்லண்ட் பக்கத்து மூத்த கறுப்பினக் கலைஞர்களோடு வாசித்துத் தேறி, இன்று ஹார்வர்டில் இசைப் பேராசிரியர். (இந்தப் பத்தியைக் கணவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம், 'யேல்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்வார்.) அதே சமயம் கொலராடோவில் வளர்ந்த கன்னடக் குடும்பத்துப் பிள்ளை ருத்ரேஷ் மகந்தப்பா, இதே நார்த் டெக்சாஸில் சாக்ஸபோன் படித்து, பிறகு பாஸ்டனில் பெர்க்லி கல்லூரிக்கு மாறினார். அவர் நம் கத்ரி கோபால்நாத்தோடு சேர்ந்து 2008இல் ஓர் ஆல்பமே போட்டார். இடம் மாறினால்கூட வாத்தியம் மாற வேண்டியதில்லை.

பிழைப்பு? மேடையை மட்டும் நம்பி வாழ்கிற ஜாஸ் கலைஞர் எங்கும் குறைவு. ஆனால் நீங்கள் இருக்கிற டெக்சாஸ், பள்ளி பேண்டுக்குப் பெயர்போன மாநிலம். உங்கள் மகனுக்கு ஆறாம் வகுப்பில் சாக்ஸபோனைக் கொடுத்தது யார்? அப்படிப்பட்ட பேண்ட் ஆசிரியர் வேலைக்கு மியூசிக் எஜுகேஷன் பக்கம் எந்தப் பாடங்களை எடுக்க வேண்டும் என்று கல்லூரி ஆலோசகரிடம் இந்தப் பருவமே கேட்கட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு எடுத்தே பலர் வாடகை கட்டுகிறார்கள். கூடவே கிளாரினெட்டும் புல்லாங்குழலும் பழகச் சொல்லுங்கள். மூன்றும் வாசிக்கிற ஆளை நாடக அரங்கில் உடனே கூப்பிடுவார்கள். மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீட்டோடு ராணுவ இசைக்குழுக்களும் உண்டு. இப்போது ஒரு மணிக் குழுவை நடத்துகிற ஆலன் பெய்லாக், அமெரிக்க விமானப்படையின் ஜாஸ் குழுவுக்கு நெடுங்காலம் இசை அமைத்துக் கொடுத்தவர்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அவன் வாசித்து நீங்கள் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. ஃபிரிஸ்கோவிலிருந்து டென்டன் அரை மணி, முக்கால் மணி கார் ஓட்டம்தானே. ஒரு ராத்திரி இருவரும் போங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டே போங்கள், திடீரென்று வந்து நின்றால் பாவம் அவனுக்குக் கை நடுங்கும். ஆளுக்கு ஒரு சோடா வாங்கிக்கொண்டு, ஜாடியில் இருபது டாலர் போட்டுவிட்டு உட்காருங்கள். ஃபோனில் வீடியோ எடுக்காதீர்கள். ஒருவர் சோலோ முடிக்கும்போது கூட்டம் கை தட்டும், நீங்களும் தட்டலாம், பாட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கணவரை மட்டும் டிரம்ஸ் பக்கம் உட்காரவைக்காதீர்கள். அந்தச் சத்தத்தில் முதல் பாட்டிலேயே எழுந்துவிடுவார்.