கார் ஏசிக்கு எந்தச் சாமான் வாங்குவது? திருகோணமலை வாகனக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளும் கூடிவிடும். கார் ஏசி வேலையே என் தொழில். "எந்தச் சாமான் நல்லது?" என்று கேட்கிற எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பழையது ஏன் போனது? அதற்கு விடை தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். இந்தக் கிழமை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, உப்புவெளியில கடற்கரையை ஒட்டித்தான் வீடு. வாகன் ஆருக்கு ஒரு வருசத்துக்குள்ள ரெண்டு தரம் கேஸ் அடிச்சாச்சு. இப்ப கொண்டென்சர் மாத்தச் சொல்லுறாங்க. கொழும்பு பஞ்சிகாவத்தையில பாவிச்ச ஜப்பான் சாமான் இருக்காம். இங்க கடையில சீனாப் புதுசு இருக்கு. எது நல்லம்?

பதில்: தம்பி, மாற்றச் சொன்னவர் லீக் இருக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டினாரா? கேஸ் கசிந்தால் கூடவே கொஞ்சம் ஒயிலும் வெளியே வரும். முன் பம்பரைக் கழற்றி, கேஸின் சூட்டை வெளியே தள்ளும் கொண்டென்சரின் கீழ் மூலைகளில் டோர்ச் அடித்துப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த தூசியாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் தூசி கறுத்து, பிசுக்காக அப்பியிருந்தால் சந்தேகம் அங்கேதான். சவர்க்கார நுரை தடவினால் குமிழி கிளம்பும். கடலோர வாகனங்களில் இது அதிகம். உப்புக்காற்று அலுமினியத்தை அரித்துவிடும். விரலால் தடவினாலே தகடுகள் வெள்ளை மாவாக உதிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

கொண்டென்சர்தான் என்று உறுதியானால் புதியதையே வாங்குங்கள். பாவித்த கொண்டென்சரை நான் யாருக்கும் பூட்டுவதில்லை. அதன் குழாய்களுக்குள்ளே ஊசி நுழையாத அளவு துளைகள். பழைய வண்டியின் அழுக்கு அங்கே சிக்கியிருந்தால் எந்தத் திரவம் விட்டும் முழுதாகக் கழுவி எடுக்க முடியாது. அதோடு, பல கொண்டென்சர்களின் பக்கவாட்டில் ஈரம் உறிஞ்சும் டிரையரும் சேர்ந்தே இருக்கும். வாய் திறந்தபடி கடையில் கிடந்த டிரையர் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். அதற்குக் கொடுக்கிற காசு வீண்.

சீனாப் புதியதை வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வையுங்கள். பைப் பூட்டும் வாய், காதுகளின் இடம், தடிப்பு மூன்றும் ஒத்திருக்க வேண்டும். வாய்களில் மூடி இல்லாததை எடுக்காதீர்கள். பூட்டிய பிறகு வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரை மெல்லிய வேகத்தில் கொண்டென்சரில் அடியுங்கள். உப்பு கழுவிப் போகும்.

கேள்வி: தம்பி, கிண்ணியாவில இருந்து எழுதுறன். ஹயர் ஓடுற டொயோட்டா கேடிஎச் வேன். கொம்பிரஸர் இறுகிப்போச்சு. ரீகண்டிஷன் ஒண்டு பூட்டினாப் போதுமா?

பதில்: நானா, கேஸை அழுத்தித் தள்ளும் கொம்பிரஸரை மட்டும் மாற்றினால் காசு ரெண்டு தரம் போகும். சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு வேனுக்கு, செலவு குறையட்டும் என்று வேன்காரர் கெஞ்சியதால் கொம்பிரஸரை மட்டும் பூட்டிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் அதுவும் இறுகித் திரும்பி வந்தது. அடுத்த கொம்பிரஸர் என் செலவில். இன்றைக்கும் மனம் வருந்துகிற வேலை அது.

கழற்றியதைக் கவிழ்த்து, உள்ளிருக்கும் ஒயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். வெள்ளித்தூள் மினுங்கினால், அந்தத் தூள் கொண்டென்சர், டிரையர், கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு எல்லாவற்றிலும் போயிருக்கும். உங்கள் வேனில் பின்னுக்கும் ஏசி இருந்தால் அங்கே தனி வால்வு உண்டு. அதை மறந்துவிடுவார்கள். கொண்டென்சர், டிரையர், இரண்டு வால்வுகள் புதிதாக வேண்டும். பைப்புகளைக் கழுவ வேண்டும்.

ரீகண்டிஷன் எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. முன் தட்டைக் கையால் சுழற்றுங்கள். சீராகச் சுற்ற வேண்டும். கரகரப்போ நடுவில் பிடிப்போ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பெல்ட் காடிகளை எண்ணுங்கள். கிளச் கொயில் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பாருங்கள், பஸ்ஸில் கழற்றியதும் அதே ராக்கையில்தான் கிடக்கும். வாயிலிருந்து கருகிய நாற்றம் வந்தால் அதன் கதையும் முடிந்தது.

கேள்வி: டொயோட்டா அக்குவாவுக்குக் கேஸ் அடிக்கிற இடத்தில சாதாரண ஏசி ஒயிலும் விடலாமெண்டு சொல்லுறாங்க. சரியா அண்ணா?

பதில்: விட வேண்டாம் தங்கச்சி. அக்குவாவின் கொம்பிரஸர் பெல்ட்டில் ஓடுவதில்லை, ஹைபிரிட் பெற்றரியில் ஓடும் மோட்டார் அதற்குள்ளேயே இருக்கிறது. கொம்பிரஸருக்குள் இருக்கும் ஒயில் மோட்டாரின் கம்பிச்சுற்றையும் நனைக்கும். மின்சாரத்தைக் கடத்தாத என்டி 11 ஒயில் மட்டும்தான் அதற்கு. மற்ற வண்டிகளின் பிஏஜி ஒயில் கொஞ்சம் கலந்தாலும் மின்கசிவு தொடங்கி, எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டியே நின்றுபோகலாம். வேறு வண்டிகளுக்குப் பாவித்த மெஷினின் குழாயில் மிஞ்சிய ஒயிலும் இதற்குள் வரும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உயர் வோல்ட் ஓடும் செம்மஞ்சள் வயரில் தெரியாதவர்களைக் கைவைக்க விடாதீர்கள்.

கேள்வி: பைப் இணைப்பில போடுற ஓ-ரிங் அளவு சரியெண்டா ஹார்ட்வெயார் கடை ரிங் போடலாமா?

பதில்: கூடாது. தண்ணீர்க் குழாய் ரப்பர் ஏசி கேஸுக்கும் ஒயிலுக்கும் ஊதிப் பிளந்துவிடும். ஏசிக்கென்று விற்கும் எச்என்பிஆர் ரிங்தான் வேண்டும். பெரும்பாலும் பச்சை நிறம், ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் கேட்டு வாங்குங்கள். எந்த இணைப்பைக் கழற்றினாலும் புது ரிங், பூட்டுமுன் அதே ஏசி ஒயிலில் நனைத்து. மிகச் சிறிய செலவு. பெரிய லீக்குகளில் பாதியை இங்கேதான் பிடித்திருக்கிறேன்.

கேள்வி: ஹபரணைப் பக்கம் ஓடும்போது நல்ல குளிர். டவுனுக்குள்ள நிண்டா சூடு. கேஸ் குறைவோ?

பதில்: முதலில் கொண்டென்சர் ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது காற்று தானாக வந்து கொண்டென்சரை ஆற்றும். நிற்கும்போது ஃபேன்தான் வேலை செய்ய வேண்டும். மோட்டாரின் கார்பன் தேய்ந்து மெதுவாகச் சுற்றினாலும் இப்படித்தான். இதற்குக் கேஸ் ஏற்றினால் அழுத்தம் கூடி கொம்பிரஸர்தான் அடிபடும்.

கேள்வி: கேஸ் எவ்வளவு அடிக்கிறதெண்டு எப்படித் தெரியும்?

பதில்: பொனெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கேஸின் பெயரும் கிராம் கணக்கும் அதில் உண்டு. இப்போதே போனில் படம் எடுத்து வையுங்கள், வெயிலில் எழுத்து அழிந்துபோகும். ஆர்134ஏ என்றிருந்தால் அதுவே. புது மொடல்களில் ஆர்1234வைஎஃப் என்றிருக்கலாம். அதன் வாய் வேறு, ஒன்றுக்கு மற்றது போடக்கூடாது. பைப் சில்லிட்டதும் போதும் என்று நிறுத்துகிறவரிடம், தராசில் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன், உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வெக்கியூம் குறைந்தது அரை மணித்தியாலம் ஓட வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் நான் ஒரு மணித்தியாலம் ஓட விடுவேன்.