வைஃபை சிக்னல் முழுசாகக் காட்டியும் வீடியோ சுற்றிக்கொண்டே இருப்பது ஏன்? ஐபி, டிஎன்எஸ், 2.4, 5 என்பதெல்லாம் என்ன?

மாடி அறையில் சிக்னல் முழுசாக இருக்கிறது, ஆனால் வீடியோ ஓடவில்லை, நெட்காரரைக் கேட்டால் ஐபி, டிஎன்எஸ், சேனல் என்று அடுக்குகிறார், ஒன்றும் புரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். வைஃபை வேறு, இணையம் வேறு. உங்கள் போனுக்கும் ஹாலில் இருக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள ரேடியோ தொடர்புதான் வைஃபை. ரவுட்டருக்கு அந்தப் பக்கம் தெருவில் ஃபைபர் அறுந்து கிடந்தாலும் போனில் சிக்னல் முழுசாகத்தான் காட்டும். நீங்கள் கேட்ட சொற்கள் எல்லாமே போனிலிருந்து இணையத்துக்குப் போகும் வழியில் வருபவை. எது எந்த இடத்தில் வருகிறது என்று தெரிந்துவிட்டால், கோளாறு எங்கே என்பதை நீங்களே பிடித்துவிடலாம்.

போன் பக்கத்திலிருந்து வருவோம். வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. (ரவுட்டர் பெயரின் கடைசியில் 5ஜி என்று இருந்தால் இந்த 5 கிகாஹெர்ட்ஸைத்தான் குறிக்கும். செல்போன் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) 2.4 சுவரைத் தாண்டி ஓரளவு தூரம் போகும், ஆனால் அங்கே நெரிசல் அதிகம். புளூடூத்தும் அதில்தான், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அதில்தான். 5 வேகமானது, ஆனால் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது வெகுவாகச் சோர்ந்துவிடும்.

2.4இல் 1 முதல் 13 வரை சேனல்கள், அதாவது அலைவரிசைக்குள் பிரித்த தடங்கள், உண்டு. பதிமூன்று இருக்கிறதே, தாராளம்தானே என்று தோன்றும். ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி வெறும் 5 மெகாஹெர்ட்ஸ், ஆனால் ஒரு ரவுட்டர் பேச 20 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். அதனால் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கப் பொதுவாகப் பயன்படுத்துபவை 1, 6, 11 என்ற மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. பொதுவாக ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும். மேல் வீட்டுக்காரர் படம் பார்த்தால் உங்கள் போனும் காத்திருக்கிறது. சிக்னல் பலமாக இருந்தும் வேகம் இல்லாததற்கு இது ஒரு பெரிய காரணம்.

இன்னொன்றும் உண்டு. போனில் தெரியும் கோடுகள், ரவுட்டரின் குரல் போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும்தான் சொல்கின்றன. போன் பேசுவது ரவுட்டருக்குக் கேட்கிறதா என்பதை அவை சொல்வதில்லை. போனின் ஒலிபரப்புத் திறன் பொதுவாக ரவுட்டரைவிடக் குறைவு. அந்தக் கோடுகளுக்குப் பொதுவான அளவுகோலும் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, ஏதாவது ஒரு வைஃபை அனலைசர் ஆப்பைப் போட்டு டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) எண்ணைப் பாருங்கள். மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோவுக்குப் போதும். மைனஸ் 80 என்றால் தடுமாறும். 10 குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிறது என்பதை நினைவில் வையுங்கள். 50க்கும் 80க்கும் உள்ள வித்தியாசம் ஆயிரம் மடங்கு.

சரி, ரவுட்டரை எட்டியாயிற்று. அடுத்து ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண். போன் இணைந்ததும் ரவுட்டரில் உள்ள டிஎச்சிபி என்ற சேவை அதற்கு ஒரு முகவரி கொடுக்கும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். விண்டோஸ் லேப்டாப்பில் அதற்குப் பதில் 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் லேப்டாப் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

192.168 உங்கள் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஒரே எண் இருக்கலாம், தவறில்லை. பழைய ஐபி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். மைய இருப்பில் மிச்சமிருந்த கடைசித் தொகுப்புகளை 2011 பிப்ரவரியிலேயே பகிர்ந்து கொடுத்துவிட்டார்கள். அதனால் வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே வெளி முகவரியில் போகும்படி ரவுட்டர் மாற்றிக் கொடுக்கிறது. இதற்குத்தான் நாட் என்று பெயர். இப்போது பல நிறுவனங்கள் பல வீடுகளையே ஒரு முகவரிக்குள் அடக்கிவிடுகின்றன. வீட்டு கேமராவை வெளியிலிருந்து நேரடியாகத் திறக்க முடியவில்லை என்று பலர் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிஎன்எஸ் செய்யும் வேலை சின்னது: தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி எண்ணைத் தரும். 'டிஎன்எஸ் மாற்றினால் வேகம் இரட்டிப்பு' என்று வரும் வீடியோக்களை நம்பாதீர்கள். தளம் திறக்கத் தொடங்கும் நேரம் கொஞ்சம் குறையலாம், பதிவிறக்க வேகம் அதிகரிக்காது.

இப்போது சோதனை. பிங் என்பது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் கட்டளை. மாடி அறையிலிருந்தே லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பிங் 192.168.1.1 என்று ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள் (கருப்புத் திரையில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், சில ரவுட்டர்களில் எண் வேறாக இருக்கும், அடியில் ஒட்டியிருப்பார்கள்). பதில் சில மில்லிசெகண்டில் சீராக வந்தால் வைஃபை நலம். 5, 300, 40 என்று தாவினாலோ இடையில் பதிலே வராமல் போனாலோ சிக்கல் வீட்டுக்குள்தான். அப்புறம் இணையத்தில் உள்ள கூகுளின் டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8க்கு பிங் கொடுங்கள். ரவுட்டர் பதில் சொல்லி இது சொல்லாவிட்டால் பெரும்பாலும் வெளி இணைப்பில் கோளாறு. இரண்டும் சரியாக இருந்து தளத்தின் பெயரைக் கொடுத்தால் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்ஸைச் சந்தேகிக்கலாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதல் சோதனையிலேயே தாவும் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் கூடுதல் வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டாதீர்கள், பயனிருக்காது. மாடி வரை ஒரு ஈதர்நெட் கேபிள் இழுத்து அங்கே ஒரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகத் தரும் கருவி) வையுங்கள். காற்றிலேயே வாங்கிக் காற்றிலேயே அனுப்பும் சாதா ரிப்பீட்டர் வேகத்தில் பாதியைத் தின்றுவிடும். கேபிள் மாட்டும்போது எட்டு கம்பியும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நான்கு மட்டும் இருந்தால் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும்.