கதவு மாட்டுவது சுலபம், விளிம்புதான் தகராறு

கேள்வி: ஐயா, என் மகள் நியூயார்க்கில் மேல்படிப்பு படிக்கிறாள். தினமும் சுரங்க ரயிலில்தான் போய் வருகிறாள். 2022 ஜனவரியில் டைம்ஸ் ஸ்கொயர் நிலையத்தில் ஒரு பெண்ணைத் தண்டவாளத்தில் தள்ளிக் கொன்ற செய்தியைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. "ரயில் வந்து நிற்கிறவரை சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் நிற்பேன், உம்மா" என்கிறாள். ஹாங்காங்கில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது நடைமேடை ஓரம் முழுக்கக் கண்ணாடிக் கதவு பார்த்தேன். ரயில் நின்ற பிறகுதான் திறக்கிறது. சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களிலும் இருக்கிறது. அவ்வளவு பணக்கார ஊரில் ஏன் போடாமல் இழுக்கிறார்கள்? பழைய ரயில் என்பது வெறும் சாக்கா?
— ஒரு தாய், கீழக்கரை

பதில்: பாதி சாக்கு, பாதி உண்மை அம்மா. உச்சிப்புளியில் பிறந்து, ஐ.டி.ஐ. முடித்து, சிங்கப்பூரில் பதினோரு வருஷம் இந்தக் கதவுகளுக்கு வைத்தியம் பார்த்தவன் நான். எல்லாம் இரவு வேலை. கடைசி ரயில் போன பிறகு, முதல் ரயில் கிளம்புவதற்குள் கையில் கிடைப்பது மூன்று, மூன்றரை மணி நேரம். மின்சாரத்தை நிறுத்தி, பர்மிட் வாங்கி, சாமான்களை இறக்கி, வேலை முடிந்ததும் ஒரு ஸ்பேனர்கூடத் தண்டவாளத்தில் கிடக்கவில்லை என்று எண்ணி ஏற்றுவதற்கே அதில் ஒரு மணி நேரம் ஓடிவிடும். கதவு ஓடும் தடத்தைக் குடைந்தால் கொண்டை ஊசி, நாணயம், பால் பாட்டில் மூடி என்று ஒரு பெட்டிக்கடையே வரும். ஒரு நாணயம் சரியான இடத்தில் மாட்டினால் போதும், அந்தக் கதவு மூடாது. கதவு மூடாவிட்டால் ரயிலுக்கு அனுமதி கிடைக்காது. பின்னால் வரும் ரயில்களும் நிற்கும். காலையில் ஐந்து நிமிஷம் நின்றால் சனம் நம்மைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே!

சாக்கு எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். "பழைய ரயில், அதனால் முடியாது" என்பதுதான் சாக்கு. பாரிஸ் மெட்ரோவின் முதல் தடம் திறந்தது 1900-ல். நியூயார்க்கைவிட நாலு வருஷம் மூத்தது. அதிலேயே ஓட்டுநர் இல்லாத ரயிலாக மாற்றும்போது எல்லா நிலையத்துக்கும் கதவு போட்டு, 2012-ல் வேலையை முடித்துவிட்டார்கள். நீங்கள் பார்த்த ஹாங்காங்கும் அப்படித்தான். அங்கே ரயில் ஓடத் தொடங்கியது 1979-ல், கதவு வந்தது இருபது வருஷத்துக்கு மேல் கழித்து. முப்பது சுரங்க நிலையங்களில் போட்டார்கள். அந்தச் செலவுக்காகப் பயணிகளிடம் ஒரு பயணத்துக்குப் பத்து சென்ட் கூடுதலாக வாங்கினார்கள். உங்கள் தம்பியும் கொடுத்திருப்பார், கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் சுரங்க நிலையங்களுக்கு 1987-ல் திறக்கும்போதே கதவு இருந்தது. அப்போது அதைப் போட்டதற்கு ஏ.சி. குளிர் சுரங்கத்துக்குள் ஓடிவிடக் கூடாது என்பதும் ஒரு பெரிய காரணம். மேலே வெயிலில் இருக்கிற நிலையங்களுக்கு அரை உயரக் கதவு போடும் வேலை 2009-ல் தொடங்கி 2012-ல் முடிந்தது. நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த வேலையில்தான்.

அந்த வேலையில்தான் உண்மைப் பாதியும் புரிந்தது. கதவு கம்பெனியிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கிவிடும், அது பெரிய காரியமே இல்லை. அதை எதன்மேல் நிறுத்துவது? பல நிலையங்களில் நடைமேடையின் ஓரம், வீட்டு சன்ஷேடு மாதிரி கீழே தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். ஆள் நிற்கக் கட்டியது அது. அதன் நுனியில் கதவின் கனத்தை ஏற்றி, ரயில் வரும்போது தள்ளும் காற்றையும், கூட்டம் சாய்கிற சாய்ப்பையும் தாங்கச் சொன்னால் பழைய கான்கிரீட் என்ன செய்யும்? உடைத்து, கம்பி கட்டி, புதிதாக வார்க்க வேண்டும். அதையும் ராத்திரி மூன்று மணி நேரத்தில் செய்து, விடிந்ததும் சனம் நடக்கிற மாதிரி மூடிக் கொடுக்க வேண்டும். நியூயார்க்கில் அந்த மூன்று மணி நேரமும் சுலபமாகக் கிடைக்காது. அங்கே ரயில் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது.

அடுத்தது ரயில் பெட்டி. மண்டபம் தோணித்துறையில் நாட்டுப்படகும் விசைப்படகும் மாறி மாறி ஒரே இடத்தில் வந்து ஒட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் பலகையை எங்கே நிரந்தரமாக அடித்து வைப்பீர்கள்? நியூயார்க்கில் எண் போட்ட தடங்களின் பெட்டி ஒரு அகலம், எழுத்துப் போட்ட தடங்களின் பெட்டி இன்னொரு அகலம். எழுத்துத் தடங்களிலேயே அறுபது அடிப் பெட்டியும் உண்டு, எழுபத்தைந்து அடிப் பெட்டியும் உண்டு. கதவு வரும் இடமே மாறிவிடுகிறது. போதாததற்கு, நடைமேடை ஓரத்தை ஒட்டி வரிசையாக இரும்புத் தூண்கள். கதவுச் சுவரும் வந்தால், தூணுக்கு நடுவில் சக்கர நாற்காலி போக இடம் இருக்காது. யூனியன் ஸ்கொயர் போன்ற நிலையங்களில் நடைமேடையே வளைந்து கிடக்கிறது. ரயில் வந்து நின்றதும் இடைவெளியை அடைக்கக் கீழேயிருந்து ஒரு தட்டு நீளும். அங்கே நேர்க்கதவு மாட்டினால், கதவுக்கும் ரயிலுக்கும் நடுவில் ஓர் ஆள் சிக்குகிற அளவுக்கு இடம் வரும். அது கதவே இல்லாததைவிட ஆபத்து.

இதையெல்லாம் நிலையம் நிலையமாக அளந்து பார்த்தார்கள். மொத்தம் 472 நிலையங்களில் 128-ல்தான் போட முடியும், அதற்கே சுமார் 700 கோடி டாலர் ஆகும் என்று கணக்கு வந்தது. நீங்கள் சொன்ன அந்தக் கொலைக்குப் பிறகு, 2022 பிப்ரவரியில், மூன்று நிலையங்களில் சோதனையாகப் போடுவதாக அறிவித்தார்கள். அவற்றில் ஒன்று 7-ஆம் எண் தடத்தின் டைம்ஸ் ஸ்கொயர், இன்னொன்று எல் தடத்தின் மூன்றாம் அவென்யூ. இந்த இரண்டையும் எடுத்தது எனக்குச் சரியாகவே படுகிறது. அந்தந்தத் தடத்தில் ஒரே அளவுப் பெட்டிதான் ஓடுகிறது, ரயிலைக் குறித்த இடத்தில் நிறுத்துவதும் கணினி. மனிதன் கையால் நிறுத்தினால் ஒரு முழம் முன்னே போகும், ஒரு முழம் பின்னே நிற்கும். கதவுக்கு நேராகக் கதவு வராது.

சரி, போடலாமா வேண்டாமா? போடலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் 472-க்கும் ஒன்றாகத் திட்டம் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. அப்படிப் போட்ட கணக்கில் எப்போதும் 'முடியாது' என்றுதான் விடை வரும். நடைமேடை நேராக இருக்கிற, கூட்டம் நெரிகிற, ஒரே வகை ரயில் வருகிற நிலையங்களை முதலில் முடிக்கட்டும். மற்ற இடங்களுக்கு நிலையான கம்பித் தடுப்பு போதும். 2024 முதல் மஞ்சள் நிறத்தில் அப்படி வைத்து வருகிறார்கள், ரயில் கதவு வருகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு. நம் வயல் வேலி மாதிரிதான் இருக்கும், ஓட்டை உண்டு. ஆனாலும் பின்னாலிருந்து ஒருவன் தள்ளினால் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கும். முழு உயரக் கண்ணாடியை அங்கே நான் கேட்க மாட்டேன். ஏ.சி. இல்லாத பழைய நிலையத்தில், ரயில் தள்ளிக்கொண்டு வருகிற காற்றுதான் மூச்சு. அதை அடைத்தால் வெந்துபோவார்கள்.

யாரும் வாய் திறக்காத செலவு ஒன்று உண்டு: ஆள். சியோலில் 2009-க்குள் சுரங்க ரயில் நிலையங்களுக்கெல்லாம் கதவு போட்டு முடித்தார்கள், ஊரே பாராட்டியது. 2016 மே மாதம், குய் என்ற நிலையத்தில், பழுதான கதவைத் தண்டவாளப் பக்கமிருந்து சரிசெய்துகொண்டிருந்த 19 வயது ஒப்பந்தப் பையன் ரயிலுக்கும் கதவுக்கும் நடுவில் நசுங்கிச் செத்தான். இரண்டு பேர் போக வேண்டிய வேலைக்கு ஒருவனாகப் போயிருந்தான். அவன் பையில் சாப்பிடாத கப் நூடுல்ஸ் இருந்தது. அன்றைக்கு ராத்திரி எங்கள் ஷிப்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பயணியைக் காப்பாற்ற வைத்த கதவுதான் அது. 700 கோடியில் மாட்டிவிட்டு, முப்பது வருஷம் அதைப் பார்த்துக்கொள்ள ஆளுக்குக் காசில்லை என்று சொல்வதாக இருந்தால், கம்பி வேலியோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

உங்கள் மகள் சுவரில் சாய்ந்து நிற்பது ரொம்பச் சரி, மாற்றச் சொல்லாதீர்கள். இன்னொன்றும் சொல்லி வையுங்கள்: கைப்பேசி கீழே விழுந்தால் இறங்கவே கூடாது, ஊழியரைக் கூப்பிட வேண்டும். அங்கே ரயிலுக்கு மின்சாரம் மேல்கம்பியில் வரவில்லை, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கிடக்கிற மூன்றாவது தண்டவாளத்தில் 625 வோல்ட்டில் ஓடுகிறது.

கேள்வி: ராமேஸ்வரம், ராமநாதபுரம் ரயில் நிலையங்களிலும் இந்த மாதிரிக் கதவு வந்தால் நன்றாக இருக்குமே, அண்ணே? ஓடுகிற ரயிலில் தொற்றி ஏறுகிறவர்கள் திருந்துவார்கள்.
— கல்லூரி மாணவர், பாம்பன்

பதில்: தம்பி, பழைய ஐ.சி.எஃப். பெட்டி சுமார் 22 மீட்டர், புதிய எல்.எச்.பி. பெட்டி சுமார் 24 மீட்டர். இருபது பெட்டி தள்ளி நிற்கிறவனுக்குக் கதவு எங்கே வரும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார். அது போக, நம் உப்புக்காற்று. புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, தனிப் பெயின்ட் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். ஊருக்குத் திரும்பி வந்து நாலு வருஷத்தில் என் வீட்டு முன்கேட்டுக் கீலை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். மூன்றாவதும் இப்போது கிறீச்சிடுகிறது.