வெள்ளி விடிய யாரை இறக்குவது?

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி அமெரிக்க ஃபுட்போல். கனடாவில் இருக்கும் மச்சான்மாரும் இரவு வேலை செய்யும் ஐ.டி. கம்பனிப் பெடியன்களும் சேர்ந்து கொழும்பில் ஃபான்டஸி லீக்குக்கு ஆள் பிடித்துவிட்டார்கள் போல. அதிலும் எல்லோரும் வைட் ரிசீவர் பற்றித்தான் கேட்கிறீர்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: குவாட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர்தான் வைட் ரிசீவர். நிஜ வீரர்களைப் பொறுக்கி நீங்கள் சேர்த்த ஃபான்டஸி அணியிலிருந்து வாராவாரம் இப்படி இரண்டு மூன்று பேரை இறக்க வேண்டும், அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுப்பது உங்கள் கணக்கில் புள்ளியாக விழும், மற்றவர்கள் பெஞ்சில். பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனால் டச்டவுன். அந்தக் கிழமை யார் நன்றாக எடுப்பார் என்று நிபுணர்கள் போடும் வரிசைதான் ரேங்கிங்.

கடிதங்களில் இருந்த வீரர்களின் பெயர்களை வெட்டிவிட்டேன், கோபிக்க வேண்டாம். இதழ் உங்கள் கைக்கு வரும்போது அந்தக் கிழமை முடிந்து, அந்த ஆள் ஒரு தடவை காயப்பட்டு எழும்பியும் இருப்பார்.

அண்ணா, போன கிழமை நான் பெஞ்சில் வைத்தவன் 24 புள்ளி எடுத்தான். இறக்கியவன் 7.8. ரேங்கிங்கில் இறக்கியவன் 14ஆவது, பெஞ்சில் இருந்தவன் 37ஆவது. லீக் வட்ஸ்அப் குரூப்பில் என் படத்தை ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். இந்தக் கிழமை ஆளை மாற்றவா? (பெஞ்ச்காரன்: 4 தடவை பந்து வந்தது, 3 பிடி, 90 யார்டு, 2 டச்டவுன். மற்றவன்: 11 தடவை வந்தது, 4 பிடி, 38 யார்டு.)
வெள்ளவத்தை வாசகர்

தம்பி, மாற்ற வேண்டாம். பதில் உங்கள் அடைப்புக்குறிக்குள்ளேயே இருக்கிறது, நீங்கள்தான் அதை அடியில் தள்ளி எழுதிவிட்டீர்கள்.

கிரிக்கெட்டில் வைத்துச் சொல்கிறேன். ஒருவன் கடைசி ஓவரில் வந்து நாலு பந்து சந்தித்து இரண்டு சிக்ஸர் அடிக்கிறான், இன்னொருவன் மூன்றாவதாக இறங்கி நாற்பது பந்து சந்தித்து முப்பது ஓட்டத்தில் ஆட்டமிழக்கிறான். அடுத்த மெச்சில் யார் அதிக ஓட்டம் எடுப்பான் என்று பந்தயம் கேட்டால் யார் பெயரைச் சொல்வீர்கள்? பந்து சந்திப்பவன் பெயரைத்தானே. ரிசீவருக்கு அந்தக் கணக்கின் பெயர் டார்கெட், அதாவது அவரைப் பார்த்துப் பந்து எறியப்பட்ட தடவை. 11 தடவை தேடிப்போன பந்து இந்தக் கிழமையும் போகும், அதில் பாதிக்கு மேல் பிடித்தாலே உங்கள் ஸ்டிக்கர் பிரச்சினை தீர்ந்துவிடும். 4 தடவை வந்த பந்து இரண்டு டச்டவுன் ஆனது சந்தோஷமான விபத்து.

டச்டவுனை நம்பி ஆள் பிடிக்கக் கூடாது என்பதற்கு நான் எப்போதும் எடுப்பது டிட்ராயிட் லயன்ஸ் அணியின் கால்வின் ஜோன்சனை. 2012இல் அந்த மனிதர் 1964 யார்டு எடுத்தார், அதற்கு முன் ஒரு சீசனில் எவரும் எடுக்காத அளவு. டச்டவுன் எத்தனை? வெறும் 5. அதற்கு முந்தைய வருடம் 16, அடுத்த வருடம் 12. ஆள் அதேதான், கையும் அதேதான். யார்டு ஓரளவு சொன்ன சொல் கேட்கும், டச்டவுன் அதன் இஷ்டத்துக்கு வரும் போகும்.

ஒன்று மட்டும் பாருங்கள். பெஞ்ச்காரர் எத்தனை ஆட்டத் துண்டுகளில் களத்தில் நின்றார் என்பதும் ஆட்டம் முடிந்ததும் வெளியாகும், ஸ்னாப் கவுன்ட் என்பார்கள். அது மூன்று கிழமையாக ஏறிக்கொண்டே வந்தால் அவரை விட்டுவிடாதீர்கள், அடுத்த மாதம் தேவைப்படுவார். இந்தக் கிழமை இல்லை.

மூன்று இடத்தில் ரேங்கிங் பார்த்தேன் அண்ணா. ஒரே ஆளை ஒருவர் 11 என்கிறார், இன்னொருவர் 19, மற்றவர் 26. யாரை நம்புவது?
பம்பலப்பிட்டி வாசகி

தங்கச்சி, மூன்று பேரும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொன்னார்களா என்று முதலில் பாருங்கள். அனேகமாக இல்லை. சில லீக்கில் ஒரு பிடிக்கு 1 புள்ளி, சிலவற்றில் அரைப் புள்ளி, பழைய முறையில் பிடிக்கு ஒன்றுமே இல்லை. 2021இல் ராம்ஸ் அணியின் ரிசீவர் கூப்பர் கப் 145 பந்து பிடித்தார், 1947 யார்டு, 16 டச்டவுன். பிடிக்குப் புள்ளி உள்ள லீக்கில் பிடித்ததற்கே 145 புள்ளி. பழைய முறையில் அந்த 145உம் பூச்சியம். சின்னச் சின்னத் தூரத்துக்கு ஏழு எட்டுப் பந்து பிடிக்கும் ஆளை ஒரு லிஸ்ட் மேலே வைத்து இன்னொன்று கீழே வைத்தால் இருவரும் சரியாகவே சொல்லியிருக்கலாம். உங்கள் லீக்கின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள், உங்களுக்கு எந்த லிஸ்ட் என்று தெரியும்.

அடுத்தது, லிஸ்ட் எப்போது எழுதினது? செவ்வாய்க்கிழமை எழுதினது வெள்ளிக்கிழமை பழைய பேப்பர். நடுவில் குவாட்டர்பேக்குக்குத் தோள் வலி வந்திருக்கும்.

அப்புறம் இந்த எண்களை ரொம்பப் பெரிதாக எடுக்காதீர்கள். முதல் ஏழெட்டுப் பேரை யோசிக்காமல் இறக்கலாம், அவர்களைப் பெஞ்சில் வைக்க நினைத்தால் தலையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே எண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், மாலை நேரத்து 100ஆம் நம்பர் பஸ்போல. பிடிக்கு 1 புள்ளி லீக்கில் 10 யார்டுக்கு ஒரே ஒரு பிடி பிடித்தால் 2 புள்ளி, 19ஆவது ஆளுக்கும் 26ஆவது ஆளுக்கும் இடையில் லிஸ்ட் போட்டவரே நினைக்கும் வித்தியாசம் பெரும்பாலும் அதற்குள்தான். அந்த இடத்தில் நான் பார்ப்பது எறிபவர் யார், எதிரணி எவ்வளவு அடிக்கும் என்பதைத்தான். பின்தங்கும் அணி பிடித்துவர வேண்டுமானால் எறிந்தே ஆக வேண்டும், நல்ல எதிரணிக்கு எதிரே ஆடும் சுமாரான அணியின் முதல் ரிசீவருக்கு அதனால் பல நாள் நல்ல நாள். அதுவும் சமமாக இருந்தால் உங்களுக்குப் பிடித்தவரை இறக்குங்கள். தோற்றாலும் அவர் ஆடுவதைப் பார்த்த சந்தோஷம் மிச்சம்.

என் முதல் ரிசீவருக்குத் தொடைப் பின்தசையில் பிடிப்பு. ‘குவெஸ்டனபிள்’ என்று போட்டிருக்கிறார்கள். ஆட்டம் மண்டே நைட். ஞாயிறு ஆடுகிறவர்களில் ஒருவரை இறக்கித் தப்பிக்கவா, இவருக்காகக் காத்திருக்கவா?
தெஹிவளை வாசகர்

இது நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

‘குவெஸ்டனபிள்’ (ஆடுவது நிச்சயமில்லை) என்ற சொல் முன்பு இருந்ததைவிட இப்போது அகலமானது. 2016இல் ‘ப்ராபபிள்’ (அனேகமாக ஆடுவார்) என்ற வகையைத் தூக்கிவிட்டார்கள், முந்தி அந்தப் பெட்டியில் இருந்த லேசான வலிக்காரர்களும் இப்போது இதே பெட்டிக்குள். அதனால் அந்தச் சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பயிற்சி அறிக்கையைப் பாருங்கள். ஞாயிறு ஆட்டத்துக்குப் புதன், வியாழன், வெள்ளி அறிக்கை வரும். மண்டே நைட்டுக்கு அது வியாழன், வெள்ளி, சனி. வியாழன் பயிற்சி செய்யவில்லை, வெள்ளி பாதி, சனி முழுசு என்றால் ஆள் ஏறுமுகம். மறுபக்கமாக, வியாழன் முழுசாகச் செய்தவர் சனி ஒதுங்கியிருந்தால் ஏதோ நடந்திருக்கிறது, அதுதான் மோசமான அறிகுறி. பின்தசை என்பதால் ஒரு எச்சரிக்கையும்: ஓட்டமே பிழைப்பான ஆளுக்கு அது திரும்பப் பிடித்துக்கொள்ளும் இடம். சிலரைச் சும்மா ஓடவிட்டு எதிராளியை இழுக்க மட்டும் பயன்படுத்துவார்கள், பெயர் களத்தில் இருக்கும், பந்து வராது.

இப்போது நம்முடைய நேரக் கணக்கு. மண்டே நைட் 8.15 என்பது நமக்குச் செவ்வாய் விடிய 5.45. ஆடாதவர்களின் பட்டியல் 90 நிமிடத்துக்கு முன் வரும், அதாவது 4.15. எழும்புவீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். எழும்பமாட்டீர்கள் என்றால் சனி அறிக்கையோடு ஒரு முடிவு எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

எழும்புவீர்கள் என்றால் இரண்டு வேலை செய்து வையுங்கள். அதே மண்டே ஆட்டத்தில், எந்த அணியாக இருந்தாலும், சும்மா கிடக்கும் ஒரு ரிசீவரை எடுத்துப் பெஞ்சில் போடுங்கள். மூன்றாம் தரமாக இருந்தாலும் பரவாயில்லை, பூச்சியத்தைவிட 5 பெரிது. மற்றது, உங்கள் வலிக்காரரை ரிசீவர் கட்டத்தில் வைக்காமல் ஃபிளெக்ஸ் கட்டத்துக்கு நகர்த்துங்கள். ஃபிளெக்ஸில் பந்தைக் கையில் வாங்கி ஓடும் ரன்னிங் பேக், ரிசீவர், தடுப்பதோடு பந்தும் பிடிக்கும் டைட் எண்ட் மூன்றில் யாரையும் போடலாம், கடைசி நேரத்தில் மாற்ற வழி அகலமாக இருக்கும். வெள்ளி விடிய (அங்கே வியாழன் இரவு) ஆடுகிறவரை ஒருநாளும் ஃபிளெக்ஸில் வைக்காதீர்கள். ஆட்டம் தொடங்கி, மாற்ற முடியாதபடி அவர் அங்கே பூட்டுப்பட்டதும் உங்கள் ஒரே சுதந்திரமான கட்டம் போய்விடும். பழகினவர்களே இதில் விழுகிறார்கள்.

நான் விழுந்த கதையும் சொல்கிறேன். எனக்கு ஞாயிறு என்றால் இரவு ஒன்பது மணி, பட்டியல் வரும், பார்த்து மாற்றுவேன், பத்தரைக்கு ஆட்டம். ஒரு ஒக்டோபர் ஞாயிறு பின்னேரம் பிள்ளைகளோடு காலி முகத்திடலில் இருக்கிறேன், ஒரு கையில் இறால் வடைப் பை, மற்றக் கையில் சின்னவனின் பட்டம். ஏழு மணி தாண்டி ஃபோனை எடுத்துப் பார்த்தால் என் ரிசீவர் பெயருக்குப் பக்கத்தில் பூட்டு அடையாளம், அடியில் சிவப்பு எழுத்தில் ‘அவுட்’. அவருடைய அணி அந்தக் கிழமை லண்டனில் ஆடியது! லண்டன் ஆட்டம் அமெரிக்காவில் காலை 9.30, நமக்கு மாலை 7.00. வடை எண்ணெய்க் கையால் எவ்வளவு அமத்தியும் அந்தப் பூட்டு திறக்கவில்லை. நாலு புள்ளியில் தோற்றேன்.

ஆக உங்களுக்கு: சனி முழுப் பயிற்சி செய்தால் காத்திருங்கள். பாதி என்றால், ஞாயிறு ஆடும் மாற்று ஆளுக்கு வழக்கமாக ஏழெட்டுத் தடவை பந்து வருமானால் அவரை இறக்குங்கள். ‘டவுட்ஃபுல்’ (அனேகமாக ஆடமாட்டார்) என்று மாறினால் யோசிக்கவே வேண்டாம், வெளியே.

வியாழன் இரவு ஆட்டக்காரரை இறக்கினால் ராசி இல்லை என்கிறார்களே, உண்மையா?
கொட்டாஞ்சேனை வாசகர்

2024 நவம்பர் 7, வியாழன் இரவு, பால்டிமோருக்கு எதிராகச் சின்சினாட்டி ரிசீவர் ஜமார் சேஸ்: 11 பிடி, 264 யார்டு, 3 டச்டவுன். பிடிக்கு 1 புள்ளி லீக்கில் 55.4. நாம் வெள்ளி காலை பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். அவருடைய அணி 35-34 என்று தோற்றதுகூட உண்மை, ஆனால் உங்கள் லீக்கில் அதை யார் கேட்டார்கள்? ராசி எல்லாம் கிடையாது தம்பி. மூன்று நாள் ஓய்வில் ஆடுவதால் காயக்காரர்களுக்கு மட்டும் அது கஷ்டம்.

அங்கே மழை என்றால் ரிசீவரை வெளியே எடுக்க வேண்டுமா?
வத்தளை வாசகர்

மழைக்கு வேண்டாம். இங்கே ஒக்டோபர் பின்னேர மழைக்கு மெச் நின்றுவிடும், அங்கே இடி மின்னல் இல்லாவிட்டால் நனைந்துகொண்டே ஆடுவார்கள், ரிசீவர்களும் பிடித்துக்கொண்டேதான் இருப்பார்கள். பார்க்க வேண்டியது காற்று. 2021 டிசம்பர் 6 பஃபலோவில் காற்று அடித்த அடியில் நியூ இங்கிலாந்து குவாட்டர்பேக் மெக் ஜோன்ஸ் முழு ஆட்டத்திலும் எறிந்தது மூன்றே மூன்று பாஸ். அதில் பிடிபட்டது 2, மொத்தம் 19 யார்டு. 14-10 என்று வென்றும் விட்டார்கள். அன்றைக்கு அந்த அணியின் ரிசீவரை நம்பி இருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். பலத்த காற்று என்று வானிலையில் கண்டால் தூரத்துக்கு ஓடிப் பிடிக்கும் ஆளைப் பெஞ்சில் வையுங்கள், கிட்ட நின்று பிடிக்கிறவரை விடலாம். டிட்ராயிட், மினசோட்டா, நியூ ஓர்லியன்ஸில் ஆட்டம் என்றால் வானிலை பார்க்கவே வேண்டாம், மேலே கூரை.

அண்ணா, நான் விளையாடுவதில்லை, என் வீட்டுக்காரர்தான். ஞாயிறு இரவு முழுக்க ஃபோன். ஒன்றரை மணிக்கு எழும்பி ‘டார்கெட், டார்கெட்’ என்கிறார். திங்கள் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறவரும் அவர்தான். இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.
கொள்ளுப்பிட்டி வாசகி

தங்கச்சி, ஒன்றரைக்கு எழும்புவது இரண்டாவது தொகுதி ஆட்டங்களுக்கு, அவை 1.35க்கும் 1.55க்கும் தொடங்கும். ஆனால் முதல் தொகுதிக்கான பட்டியல் ஞாயிறு ஒன்பது மணிக்கே வந்துவிடும், அந்த நேரம் பெரும்பாலான முடிவை எடுத்துவிடலாம். பிந்தி ஆடுகிறவர்களில் காயக்காரர் இல்லாத கிழமை அவர் விழித்திருந்து மாற்ற ஒன்றுமே இல்லை, வெறும் பார்வைதான், அது மறுநாள் ஹைலைட்ஸிலும் கிடைக்கும். இதை நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம். ஒன்பது மணிக்கு ஃபோனைக் கொடுங்கள், ஒன்பதே காலுக்கு வாங்கிவிடுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றுகிறார்கள், அன்றிலிருந்து பத்து மணி, பத்தே கால்.