1,200 அடிக்கு இன்னொரு போர் போடலாமா?

கேள்வி: பல்லடம் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு, 280 மரம். அப்பா காலத்துக் கிணறு ஒன்று, 30 அடி விட்டம், 85 அடி ஆழம். பிறகு 850 அடிக்கு ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டோம். இப்போது மாசி பிறந்தாலே போரில் காற்றும் தண்ணீருமாக வருகிறது. பக்கத்துத் தோட்டத்தில் 1,200 அடி போட்டு ஓரளவு தண்ணீர் கண்டுவிட்டார்கள். நானும் போடலாமா? இல்லை, கடன் வாங்கிப் பெரிய பண்ணைக்குட்டை வெட்டி பிளாஸ்டிக் தாள் விரித்து, போர்த் தண்ணீரை அதில் தேக்கலாமா? சொட்டுநீர்க் குழாய் இருக்கிறது, பாதி அடைத்துவிட்டது. ஹோஸ் போட்டுத்தான் பாய்ச்சுகிறோம்.

பதில்:

போர் வேண்டாம். குட்டை வெட்டலாம், ஆனால் நீங்கள் நினைக்கிற குட்டை அல்ல. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், உங்கள் காலுக்கடியில் இருப்பது என்ன? தஞ்சாவூர்க்காரர் போர் போட்டால் மணல் அடுக்குக்குள் இறங்குகிறார். ஆழம் போகப் போக இன்னொரு மணல் அடுக்கு, அதில் இன்னொரு நீர். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கொங்குச் சீமை முழுக்கக் கடினப்பாறை. மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே வெயிலும் மழையும் பட்டுச் சிதைந்த பாறை, அதற்கும் கீழே முழுப் பாறை. பெருமளவு தண்ணீர் நிற்பது அந்தச் சிதைந்த பாறையில்தான். உங்கள் அப்பா 85 அடியில் நிறுத்தியதற்கு அதுவே காரணமாக இருக்கும். அதற்குக் கீழே விரிசல்களில் மட்டும்தான் தண்ணீர். ஆழம் கூடக்கூட மேலே உள்ள பாறையின் எடையே விரிசல்களை நெருக்கிவிடுகிறது. ஆயிரம் அடிக்குக் கீழே ஒரு நல்ல விரிசல் சிக்கினால் அது அதிர்ஷ்டம். அதே அதிர்ஷ்டம் உங்களுக்கு வாய்க்க வேண்டிய அவசியம் இல்லை.

பக்கத்துத் தோட்டத்தில் கண்ட தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஒன்று, நெடுங்காலமாக அடைபட்டுக் கிடந்த பழைய இருப்பு. எடுத்தால் தீரும், ஒரு மழையில் திரும்பாது. அல்லது விரிசல் வழியாக மேல் அடுக்கிலிருந்து இறங்குகிற தண்ணீர். அதாவது உங்கள் கிணற்றுக்கு வர வேண்டியது. ஆழ்போர் பெருகிய ஊர்களில் கிணறுகள் வறண்டதற்கு மழையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்ப் பாறையைத் துளைக்கின்றன. நம் ஆட்களின் தொழில்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் துளை போடுகிறவர் தண்ணீரை உண்டாக்குவதில்லையே.

இனி கணக்குக்கு வருவோம். இதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர். உங்கள் பக்கம் வருஷத்துக்கு 600 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஏக்கரிலும் சேர்த்து விழுவது சுமார் 97 லட்சம் லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும். இதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும், கொஞ்சம் பள்ளத்தில், அதாவது ஓடையில், ஓடிவிடும். பாறைப் பகுதியில் அடியில் போய்ச் சேர்வது, தாராளமாகச் சொன்னால், பத்தில் ஒரு பங்கு. ஆக உங்கள் நிலத்து மழை உங்களுக்குத் தருவது சுமார் 9.7 லட்சம் லிட்டர்.

செலவு? சொட்டுநீரில் ஒழுங்காகக் கொடுத்தாலே ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் என்று கணக்கிடலாம். 280 மரத்துக்கு 18,200 லிட்டர். வருஷத்தில் எட்டு மாதம் பாய்ச்சினால் கிட்டத்தட்ட 44 லட்சம் லிட்டர். வரவு 9.7, செலவு 44. மீதியை அக்கம்பக்கத்து மானாவாரி மேட்டுக்காடுகளும், பள்ளத்து ஓட்டமும், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) வாய்க்காலில் மண்டலம் மண்டலமாக முறை வைத்துத் தண்ணீர் விடும்போது கசிவதும்தான் இதுவரை ஈடுகட்டின. சோளமும் கம்பும் விளைந்த அந்த மேட்டுக்காடுகளும் தென்னையானால் கணக்கு உதைக்காமல் என்ன செய்யும்? உங்கள் போர் மாசியில் காற்று வாங்குவதன் கதை அவ்வளவுதான்.

ஆனால் இதே கணக்கில் நல்ல செய்தியும் ஒன்று இருக்கிறது. 30 அடி விட்டமுள்ள கிணற்றில் ஓர் அடி உயரத் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 20,000 லிட்டர். உங்கள் தோப்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 18,200. அதாவது கிணற்றில் தினம் ஓர் அடி ஊறினால் மொத்தத் தோப்பும் பிழைத்துக்கொள்ளும். அந்தக் கிணற்றில் இப்போது எவ்வளவு ஊறுகிறது என்று உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தைகூட இல்லை. போர் வந்ததும் கிணற்றை மறந்துவிடுவது எல்லோரும் செய்கிற தப்புதான்.

அதனால் முதல் வேலை அளப்பது. காசு செலவில்லை. ஒரு நைலான் கயிறு, நுனியில் கல், அடிக்கு ஒரு முடிச்சு. சாயந்திரம் மோட்டாரை நிறுத்தியதும் இறக்கி, எந்த முடிச்சு வரை உலர்ந்திருக்கிறது என்று பாருங்கள். விடியற்காலை மோட்டார் போடும் முன் மறுபடி இறக்குங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ராத்திரி ஊற்று. போருக்கு 200 லிட்டர் டிரம்மும் செல்போன் கடிகாரமும் போதும். டிரம் நிறைய எத்தனை நிமிஷம் என்று மோட்டார் போட்ட பத்தாவது நிமிஷத்தில் ஒரு தடவை, இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு ஒரு தடவை. முதல் அளவை நம்பாதீர்கள், இரண்டாவதுதான் போரின் உண்மையான தெம்பு. நான் போய் வந்த தோட்டம் ஒன்றில் அந்த வீட்டு அம்மா பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இந்த அளவுகளை எழுதி வைத்திருந்தார். காலைப் பால் எத்தனை லிட்டர், கிணறு எத்தனை முடிச்சு. மூன்று வருஷக் கணக்கு. "பங்குனியில எத்தனை மரத்துக்குத் தண்ணி இருக்கும்னு தையிலயே தெரிஞ்சுரும் சார்" என்றார். அவர் சொன்னதைத்தான் நாங்கள் நீர் வரவு செலவுத் திட்டம் என்று பெரிய பெயரில் அழைக்கிறோம்.

மழை மாறிவிட்டதால் இந்த அளவு இப்போது இன்னும் முக்கியம். 2016-ல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அடுத்து வந்த கோடையில் தென்னை எப்படிக் காய்ந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அப்படிக் கொட்டுகிற மழையில் நிலத்துக்குள் இறங்குவது சொற்பம், ஓடுவதுதான் அதிகம். ஐப்பசியில் நாள் முழுக்க நசநசவென்று பெய்கிற மழைதான் பாறைக்குள் இறங்கும். அந்த மாதிரி நாட்கள் குறைந்தால், வருஷ மொத்தம் மாறாவிட்டாலும் கிணறு ஏறாது. வெயில் கூடும்போது மரத்தின் தாகமும் கூடுகிறது. ஆகவே போன வருஷத்தை நம்பி இந்த வருஷத்தைத் திட்டமிட முடியாது. மார்கழி கடைசியில் அளந்து, இருப்பைப் பார்த்துத்தான் கோடையை முடிவு செய்ய வேண்டும்.

சரி, செலவைக் குறைப்பது எப்படி? ஹோஸை நிறுத்துங்கள். பாத்தி நிறைய விடுகிற தண்ணீரில் நல்ல பங்கு வேர் குடிப்பதற்கு முன்பே வெயில் குடிக்கிறது. அடைத்த சொட்டுநீர்க் குழாயைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆழ்போர்த் தண்ணீரில் உப்பு அதிகம், அது வாய்களில் வெள்ளையாகப் படிகிறது. கடைசி முனை மூடிகளைத் திறந்து அழுத்தத்தோடு ஓடவிட்டு, பிறகு வேலை தெரிந்தவரை வைத்து அமிலம் செலுத்திக் கழுவுங்கள். தெரியாமல் அமிலத்தில் கை வைக்க வேண்டாம். முற்றிலும் போன குழாய் என்றால், சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழகத்தில் நுண்ணீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம் உண்டு. இப்போதுள்ள அமைப்பு எந்த வருஷம் போட்டது என்று பார்த்துவிட்டுத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

மாற்றிப் போடும்போது ஒரு நுணுக்கம். மரத்திலிருந்து மூன்றடி தள்ளி நான்கு பக்கமும் ஓர் அடிக்கு ஓர் அடி குழி எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றேகால் அடி நீளக் குழாயைச் சாய்வாக வைத்து, சொட்டுவாயை அதற்குள் விட்டு, குழியைத் தென்னை நார்க்கழிவால் மூடிவிடுங்கள். தண்ணீர் மேலே தெரியாது, ஓர் அடிக்குக் கீழே வேரில் போய்ச் சொட்டும். அணில் கடியிலிருந்தும் கொஞ்சம் தப்பிக்கலாம். மரத்தைச் சுற்றி ஆறடிக்கு உரிமட்டையை முதுகு மேலாக, நெருக்கமாகக் கவிழ்த்துப் பரப்புங்கள். ஒரு மரத்துக்கு நூறு மட்டை பிடிக்கும். தோப்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்று மட்டையையும் ஓலையையும் கொளுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இவ்வளவு செய்தும் மார்கழிக் கடைசி அளவு பற்றாது என்று சொன்னால், 280 மரத்துக்கும் அரைத் தண்ணீர் கொடுக்காதீர்கள். இதுதான் கேட்கக் கஷ்டமான யோசனை. தென்னை பட்ட வறட்சி அந்த வருஷத்தோடு போகாது, இரண்டு மூன்று வருஷம் காய்ப்பில் தெரியும். எல்லா மரத்தையும் பாதியாக வாட்டுவதைவிட, வயதானதும் காய்ப்பு விட்டதுமான மரங்களுக்கு மட்டையை மட்டும் போட்டுவிட்டு, நல்ல மரங்களுக்கு முழுசாகக் கொடுப்பது மேல். எந்த மரம் என்று பறிக்கிற ஆளைக் கேளுங்கள், உங்களைவிட அவருக்குத் தெரியும்.

பண்ணைக்குட்டை விஷயம். நூறுக்கு நூறு அடிக் குட்டையில் கோடையில் ஒரு நாளைக்கு 6 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்தால் 5,500 லிட்டருக்கு மேல். அது 85 மரத்துக்கான தண்ணீர்! பாறைக்குள் நிழலில் கிடந்த தண்ணீரைக் கரண்ட் செலவழித்து மேலே ஏற்றி, தாள் விரித்து வெயிலில் காய வைப்பதற்குப் பெயர் சேமிப்பா? 1990-லிருந்து விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம் என்பதால் இந்த நஷ்டம் நம் கண்ணில் படுவதில்லை. தாள் இல்லாத குட்டை வேறு விஷயம். நிலத்தின் தாழ்ந்த மூலையில், மழைநீர் வந்து சேர்கிற இடத்தில் வெட்டினால் கொட்டுகிற மழையைப் பிடித்து மெல்ல மெல்ல அடியில் இறக்கும். சில வாரத்தில் வற்றிவிடும். வற்றட்டும், அதுதான் அதன் வேலை.

அதைவிடச் செலவு குறைந்தது உங்கள் கிணறே. பள்ளத்துத் தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்புவதற்கு முன் இரண்டு தொட்டி வேண்டும். முதல் தொட்டியில் வண்டல் படியட்டும், இரண்டாவதில் கருங்கல், ஜல்லி, மணல். முதல் மழையின் கலங்கலை உள்ளே விடாதீர்கள். உரமும் பூச்சிமருந்தும் அடித்த காட்டுத் தண்ணீர், மாட்டுத்தொழுவத் தண்ணீர் எந்தக் காலத்திலும் கூடாது. போருக்குள் நேரடியாக விடவே விடாதீர்கள், அழுக்கு இறங்கினால் எடுக்க வழியில்லை.

தனி ஒருவர் கணக்கு இவ்வளவு தூரம்தான் போகும். உங்கள் போரும் பக்கத்தவர் போரும் ஒரே விரிசலில் குடிக்கின்றனவா என்று பார்க்க, அவர் மோட்டாரை நிறுத்திய நாளில் டிரம் கணக்கை எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் சண்டைக்குப் போகாமல் முறை பேசுங்கள். கூட்டுக் கிணற்றில் பங்காளிகள் முறை வைத்து இறைத்த ஊர்தானே இது. மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்தில் ஹிவ்ரே பஜார் கிராமம், ஊர்த்தலைவர் போபட்ராவ் பவார் காலத்தில், பாசனத்துக்கு ஆழ்போரே கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்று தனக்குத்தானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டது. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் பெய்த அளவைப் பார்த்து, என்ன பயிர் என்று ஊர் கூடி முடிவு செய்கிறார்கள். உங்கள் ஊரே கூட வேண்டாம், பள்ளத்தின் இரு கரையிலும் உள்ள ஐந்தாறு தோட்டக்காரர்கள் கயிறு போட ஆரம்பித்தாலே பேச்சு மாறும்.

இத்தனைக்குப் பிறகும் போர்தான் என்று தோன்றினால், நீரோட்டம் பார்க்கிறவர் கையில் தேங்காய் எழுந்து நிற்கிற இடத்தில் போடாதீர்கள். வேளாண் பொறியியல் துறையில், நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அது எவ்வளவு தடைபடுகிறது என்று அளந்து நீர் இருக்கும் இடம் பார்க்கிற மின்தடை ஆய்வுக்கு விண்ணப்பியுங்கள், கட்டணம் கட்டுப்படியாகும். பாறை தட்டிய பின்னும் கொஞ்சம் இறங்கும்வரை கேசிங் பைப் (துளையின் மேல்பகுதிக்குள் இறக்கும் வெளிக்குழாய்) போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கிணற்றையே அது உறிஞ்சும். தண்ணீர் வராவிட்டால் அன்றைக்கே மூடி போட்டு அடையுங்கள், ரிக் வண்டி கிளம்புவதற்கு முன்பாக.

இப்போதைக்குக் கயிறு வாங்குங்கள். பதினைந்து நாள் ராத்திரி ஊற்றையும் டிரம் கணக்கையும் எழுதி அனுப்புங்கள். எத்தனை மரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதை அந்த எண்களை வைத்துத்தான் பேச முடியும்.